மதில் ஓரத்து மல்லிகை மட்டும் ஏன் வெளுக்கிறது? (ஞாயிற்றுக்கிழமைக் கொல்லை வேலை)

திருப்பாலையான் | நவம்பர், இரண்டாம் ஞாயிறு, பகல் 12.10

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறம் ஏறக்குறைய ஒன்றரை சென்ட் கொல்லை இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அம்மா நட்ட நான்கு குண்டுமல்லிச் செடிகள், ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, துவைக்கும் கல், அதற்குப் பக்கத்தில் துளசி மாடம், இவ்வளவுதான் அங்கே உள்ள சொத்து. பங்குனி தொடங்கி ஆடி வரையில் நாள்தோறும் மாலையில் அம்மா ஓர் எவர்சில்வர் கிண்ணத்துடன் கொல்லைக்குப் போய் மொட்டுப் பறித்து வந்து, சாமி படத்துக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் கட்டித் தருவது வழக்கம். பூ மிகுந்துபோன நாள்களில் எதிர்வீட்டுக்கும் ஒரு முழம் போகும்.

சென்ற கோடையில் அந்தக் கிண்ணத்தின் அடி மறையவில்லை. இலைகள் எலுமிச்சம்பழ நிறத்தில் வெளுத்தன. கிளைகள் நீண்டனவே தவிர மொட்டு வைக்கவில்லை. இலை வெளுத்தால் சத்துக் குறைவு என்று யாரோ சொல்ல, மாதம் ஒரு கைப்பிடி வீதம் நான்கு செடிகளுக்கும் டி.ஏ.பி. உரம் போட்டேன். வெளுப்பு கூடியதே ஒழியக் குறையவில்லை. பொங்கல் விடுமுறையில் நுனிகளை மட்டும் கிள்ளிவிட்டிருந்தேன். கிளைகளை வெட்டிச் சீராக்கும் முறையான கவாத்து செய்ததில்லை. போர் தண்ணீர்தான் பாய்ச்சுகிறோம். அது குழாய் முனையில் வெள்ளையாகப் படியும் தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் எனக்குக் கொல்லையில் கைவைக்க முடியும். எட்டாம் வகுப்பு படிக்கும் மகனையும் உடன் இழுக்கப் பார்க்கிறேன். அவன் கைப்பேசியை விட்டு எழுந்து வரும்போது வெயில் ஏறிவிடுகிறது. மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வில்லாபுரத்தான் | அதே நாள், பகல் 1.45

ஐப்பசி மழையில் வேரில் தண்ணீர் தேங்கினால் எந்தச் செடியும் வெளுக்கத்தான் செய்யும். பாத்தியை உடைத்து வடிகால் விடுங்கள். வீட்டைச் சுற்றிப் புதிதாக ஏதேனும் எழும்பி நிழல் விழுகிறதா என்றும் பாருங்கள். மல்லிகைக்கு முழு வெயில் வேண்டும். நிழலில் இலை வைக்கும், பூ வைக்காது.

எட்டு முழம் | அதே நாள், மாலை 4.05

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். மல்லிகைக்குப் பேர்போன மதுரையில் இருந்துகொண்டு, கடைவீதிக்குக் கடைவீதி பூக்காரம்மா உட்கார்ந்திருக்கும்போது, கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை மண்ணிலும் உரத்திலும் கழிப்பது எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை. நாங்கள் ஞாயிறுதோறும் குடும்பத்துடன் அழகர்கோவிலுக்கோ வைகை அணைக்கோ போய்விடுகிறோம். போகிற வழியில் இரண்டு முழம் வாங்கினால் வேலை முடிந்தது.

நிலக்கோட்டைக்காரர் | அதே நாள், இரவு 8.30

எட்டு முழம் ஐயா சொல்வது பங்குனி, சித்திரைக்குப் பொருந்தும். மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து, பொங்கலுக்கு முதல் நாள் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ மல்லிகையின் விலை ஆயிரங்களைத் தொடும்போது அவரே கொல்லையில் குழி தோண்டுவார். இருக்கட்டும், செடிக்கு வருவோம்.

திருப்பாலைத் தம்பி, நுனி கிள்ளுவது கவாத்து ஆகாது. மல்லிகை புதிதாக எழும் தளிரின் முனையில்தான் மொட்டு வைக்கும். பழைய மரத்தண்டைப் பாதுகாத்துக்கொண்டிருந்தால் செடி புதராகுமே தவிரப் பூவுக்கு ஆகாது. எங்கள் பக்கம் வயலில் செய்வதைச் சொல்கிறேன். கவாத்துக்கு முன்னால் தண்ணீரை நிறுத்திச் செடியைக் கொஞ்சம் காயவிடுவோம். நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை நடுவில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு, 45 முதல் 50 சென்டிமீட்டர் விட்டு, மற்றதை எல்லாம் வெட்டிவிடுவோம். காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்த கிளை, ஒன்றை ஒன்று உரசும் கிளை எதையும் வைப்பதில்லை. வெட்டி முடித்ததும் செடியைப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்கு அழுகை வரும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் மாமியார் முதல் தடவை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

கத்தரி கூர்மையாக இருக்கட்டும். அரிவாளால் ஓங்கி வெட்டினால் தண்டு பிளந்து, பிளவின் வழியே நோய் இறங்கும். வெட்டிய பின் தூரைச் சுற்றி மண்ணைக் கொத்திவிட்டு, செடிக்கு 10 கிலோ மட்கிய தொழு உரம் இடுங்கள். ரசாயன உரம் இடுவதானால் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 60 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்), 120 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 120 கிராம் சாம்பல்சத்து (பொட்டாசியம்) என்பது பரிந்துரை. கடையில் வாங்கும் கணக்கில் யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம் ஆகும். அதை இரண்டாகப் பிரித்து, கவாத்து முடிந்ததும் ஒரு பங்கும் ஆனி, ஆடியில் மறு பங்கும் கொடுக்க வேண்டும். மாதம் ஒரு கைப்பிடி டி.ஏ.பி. என்பது எந்தக் கணக்கிலும் வராது.

மண்வாசி | திங்கள், காலை 6.20

நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருந்து சொல்வதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். முதலில் வெளுத்தது அடியிலுள்ள முதிர்ந்த இலையா, நுனியிலுள்ள இளம் இலையா? இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்ததா, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா? நான்கு செடிகளுமே இப்படியா, சில மட்டுமா? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

திருப்பாலையான் | திங்கள், இரவு 9.15

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் கைவிளக்கோடு போய்ப் பார்த்தேன். இத்தனை மாதமாகச் செடியைப் பார்த்திருக்கிறேனே தவிரக் கவனித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளுத்திருப்பவை நுனி இலைகள்தான். அடி இலைகள் ஓரளவு பச்சையாகவே இருக்கின்றன. வெளுத்த இலையை விளக்குக்கு நேராகப் பிடித்தால், வெளிர் மஞ்சளின் நடுவே நரம்புகள் மட்டும் பச்சை நூலால் பின்னிய வலை போலத் தெரிகின்றன. மேற்கு மதிலை ஒட்டிய இரண்டு செடிகள்தான் இப்படி. துளசி மாடத்துப் பக்கம் இருக்கும் இரண்டும் பூக்கவில்லையே ஒழிய இலை நன்றாகத்தான் இருக்கிறது.

வில்லாபுரத்தாருக்கு: மதிலைச் சென்ற ஆண்டின் முற்பகுதியில் ஐந்து அடியிலிருந்து எட்டு அடிக்கு உயர்த்தினோம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அதன் நிழல் விழுகிறது. அதுவரை நல்ல வெயில் உண்டு. தண்ணீர் தேங்கவில்லை.

மண்வாசி | செவ்வாய், காலை 5.50

மதில் என்று ஒரு சொல் சொன்னீர்களே, அதுதான் விஷயம்.

தழைச்சத்துக் குறைந்தால் செடி முதிர்ந்த இலையிலுள்ள சத்தைத் தளிருக்கு அனுப்பிவிடும். ஆகவே அடி இலைதான் முதலில் வெளுக்கும். இரும்புச் சத்து அப்படி இடம் மாறாது. வேர் புதிதாக எடுத்துக் கொடுத்தால்தான் தளிருக்குக் கிடைக்கும். கிடைக்காதபோது தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நீங்கள் விளக்கில் பார்த்தது அதுதான். நிழலால் பூக் குறையலாம், ஆனால் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் ஆகாது.

நம் ஊர் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. மண்ணில் சுண்ணாம்பு மிகுந்து காரத்தன்மை ஏறும்போது அந்த இரும்பு வேருக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. பானை நிறையச் சோறு இருந்தும் மூடி திறக்காத கதை. போர் தண்ணீரும் ஒரு காரணம்தான். ஆனால் அதே தண்ணீரைக் குடிக்கும் மற்ற இரண்டு செடிகள் பச்சையாக இருப்பதால் முதல் குற்றவாளி அதுவாக இருக்க முடியாது. மதில் கட்டிய கொத்தனார் மிஞ்சிய கலவையையும் உடைத்த பழைய பூச்சையும் எங்கே போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வண்டி வைத்து வெளியே அனுப்பியிருக்க மாட்டார்கள். அடுத்து, நீங்கள் அள்ளிப் போட்ட டி.ஏ.பி.யில் மணிச்சத்து மிகுதி. அது அளவு மீறினால் உள்ள இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மதில் ஓரத்து மண்ணை அரையடி ஆழத்திலிருந்து எடுத்து உலர்த்தி, ஒரு தட்டில் பரப்பி, அதன் மேல் எலுமிச்சம்பழச் சாறையோ வினிகரையோ ஊற்றுங்கள். சுண்ணாம்பு மிகுந்திருந்தால் நுரைத்துப் பொங்கும். துளசி மாடத்து மண்ணையும் இன்னொரு தட்டில் வைத்து ஒப்பிடுங்கள். இந்த வேலையை உங்கள் மகனிடம் விட்டுவிடுவது நல்லது.

சரியான எண் வேண்டுமானால், யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் இயங்கிவரும் வேளாண்மைக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். ஒத்தக்கடைக்குப் போய் மண் மாதிரியைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம். மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு ஆங்கில ‘வி’ வடிவில் அரையடிக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாகச் சீராகச் சுரண்டி, நான்கைந்து இடத்து மண்ணைக் கலந்து அரைக்கிலோ எடுங்கள். மதில் ஓரத்துக்கு ஒரு பை, துளசி மாடத்துக்கு ஒரு பை, இரண்டையும் கலந்துவிடாதீர்கள். உரம் போட்ட கையோடு மாதிரி எடுப்பதும் கூடாது.

பேரையூர்ப் பிள்ளை | செவ்வாய், காலை 10.00

கார மண் என்றால் ஜிப்சம் போடச் சொல்வார்களே. செடிக்கு ஒரு கிலோ போட்டுப் பார்க்கலாமே?

மண்வாசி | செவ்வாய், பகல் 11.30

வேண்டாம். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு மருந்து. அங்கே சுண்ணச் சத்து சோடியத்தை வெளியேற்றும். இங்கே தொல்லையே சுண்ணாம்புதான். காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்தியது போல ஆகிவிடும்.

திருப்பாலையான் | நவம்பர், மூன்றாம் ஞாயிறு, மாலை 6.40

இன்று நடந்ததை விரிவாக எழுதுகிறேன். மண்வாசி ஐயாவுக்கு நான் பட்ட கடன் அது.

காலையில் கறிக்கடை வரிசையில் நின்று திரும்பியபோது மகன் வழக்கம்போலப் படுக்கையில் கிடந்தான். மண்ணில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் பொங்குமாம், உண்மையா என்று பார்த்துச் சொல் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் பல் துலக்கப் போய்விட்டேன். கால் மணி நேரத்தில் இரண்டு தட்டுகளையும் அவனே அடுக்கிவிட்டான். வெள்ளிக்கிழமை எடுத்து உலர்த்தியிருந்த மண் அது. துளசி மாடத்து மண் சாற்றைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. மதில் ஓரத்து மண்ணில் சாறு விழுந்ததும் ஓரங்களில் சின்னச் சின்ன வெண்குமிழிகள் எழுந்தன. தட்டைக் காதருகே வைத்தால் அப்பளம் பொரிவதற்கு முன் எண்ணெயில் வரும் அந்த மெல்லிய சத்தம். பேத்திக்குக் காட்ட வந்த அம்மாவும் காதை வைத்துக் கேட்டார். வீட்டில் இருந்த நான்கு எலுமிச்சம்பழமும் காலியாகி, மதியம் கறிக்குப் பிழிய ஒன்று கூட மிஞ்சாதது தனிப் பஞ்சாயத்து.

பிறகு மண்வெட்டியை எடுத்து மதிலிலிருந்து இரண்டடி தள்ளித் தோண்டத் தொடங்கினோம். நான்கு விரற்கடைக்குக் கீழே மண்வெட்டி ‘ணங்’ என்றது. கலவைக் கட்டி, பழைய சுண்ணாம்புப் பூச்சின் பாளங்கள், உடைந்த செங்கல், சிமென்ட் பையின் கிழிந்த துண்டு, ஒரு கொத்துக் கரண்டியின் கைப்பிடி என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கொத்தனார் மேலே செம்மண்ணைப் பரப்பி அழகாக மூடிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்ததும் நான்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன் பதினொரு சட்டி வெளியே எடுத்தோம். அதில் ஏழு சட்டி மகன் சுமந்தது. எண்ணிக்கை அவன் சொன்னது, நான் மறுக்கவில்லை.

வேர் பட்ட இடங்களில் களைக்கொத்தால் மெதுவாகத்தான் கிளறினேன். ஒரு வேர் ஒரு பூச்சுப் பாளத்தைச் சுற்றிக்கொண்டு நின்றதை அப்படியே விட்டிருக்கிறேன். இன்னும் பாதி இடம் பாக்கி. மண் மாதிரிகளைத் தோண்டுவதற்கு முன்பே எடுத்துவைத்துவிட்டேன்; நாளை அலுவலகம் போகும் வழியில் ஒத்தக்கடையில் கொடுக்கப்போகிறேன்.

அனுப்பானடி அக்கா | அதே நாள், இரவு 9.50

தம்பி எழுதியதைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எனக்குப் பூக்கட்டுதான் தொழில், முப்பது ஆண்டாக. கொல்லைக்காரர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லலாம் என்று தோன்றியது.

வீட்டுச் செடியில் பூக் குறைந்ததற்குப் பறிப்பதும் ஒரு காரணமாக இருக்கும். மொட்டைக் காம்போடு திருகி இழுத்தால் அடுத்துத் துளிர்க்கும் கணுவும் போய்விடும். நகத்தால் காம்படியில் கிள்ள வேண்டும். பருத்து, வெண்மை முழுமையாக ஏறி, வாய் திறக்காத மொட்டுத்தான் அன்றைக்குரியது. பச்சை ஓடியிருந்தால் நாளைக்கு விட்டுவிடுங்கள். வியாபாரத்துக்கு விடியலுக்கு முன்பே பறிப்பார்கள். வீட்டுக்கு என்றால் பிற்பகல் வெயில் தாழ்ந்ததும் பறித்துக் கட்டி, ஈரத் துணியில் சுற்றி வைத்தால், விளக்கு வைக்கும் நேரத்துக்கு மலர்ந்து கூடம் முழுக்க மணக்கும். மதுரை மல்லிகைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பேசியது. அந்தப் பெருமைக்குக் காரணமான தடித்த இதழையும் நீண்ட காம்பையும் கையில் எடுத்துக் கட்டுகிறவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். காம்பு நீளமாக இருந்தால் நாருக்குள் நழுவாது.

வாழை நாரைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்துக்கொள்ளுங்கள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம் தலை, இரண்டு மொட்டு அந்தப் பக்கம் தலை, நடுவில் காம்புகளைச் சேர்த்து ஒரு சுற்று, ஒரு கண்ணி, ஓர் இழுப்பு. இறுக்கினால் காம்பு நறுங்கும், தளர்ந்தால் உதிரும். என் கைக்கட்டுக்கு ஒரு முழத்துக்கு ஏறக்குறைய நூறு பூ பிடிக்கும். பேத்திக்கு இதைக் கற்றுக்கொடுங்கள். பையனுக்கும்தான், என் அப்பா கட்டிய கட்டு எங்கள் தெருவில் யாருக்கும் வராது.

எட்டு முழம் ஐயா, கடையில் வாங்குங்கள் என்று நீங்கள் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை, அது என் பிழைப்பு. ஆனால் கொல்லையில் பூத்ததைக் கட்டத் தெரியாமல் நாலு பூவைச் செருகிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால்தான் கை பரபரக்கிறது.

எட்டு முழம் | திங்கள், காலை 7.35

அக்காவுக்கு வணக்கம். நேற்று நாங்கள் குடும்பத்துடன் வைகை அணைக்குப் போனோம். போகவும் வரவும் வண்டியில் நான்கு மணி நேரம். பிள்ளைகள் இரண்டும் பின் இருக்கையில் ஆளுக்கொரு கைப்பேசி. பூங்காவில் முக்கால் மணி நேரம் இருந்தோம். ஒப்பிட்டுச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மல்லிகையைத் தொட்டியில் வளர்க்கலாமா? எங்களுடையது மாடி வீடு.

நிலக்கோட்டைக்காரர் | திங்கள், பகல் 2.10

வளர்க்கலாம். தொட்டி ஒன்றரை அடி அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய உரம், ஒரு பங்கு மணல். தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வரும் பதியன் நாற்றுகள் எங்கள் ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும். வேர்ப்பிடிப்பு நன்றாக உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். மாடியில் தளத்துச் சூடு வேரைத் தாக்கும், தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வையுங்கள்.

திருப்பாலைத் தம்பிக்கு: மதில் ஓரத்தைச் சுத்தம் செய்து முடித்துவிட்டே கவாத்து செய்யுங்கள். இரண்டு அதிர்ச்சியையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள், ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

திருப்பாலையான் | டிசம்பர், இரண்டாம் ஞாயிறு, இரவு 8.00

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மதில் ஓரத்து மண்ணின் கார அமில நிலை (pH) 8.6, துளசி மாடத்து மண்ணுக்கு 7.7. ஒரே கொல்லை, பதினைந்து அடி தூரம். மதில் ஓரத்துக்கு ‘சுண்ணாம்பு: உள்ளது’ என்று எழுதி, இரும்புச் சத்துப் பற்றாக்குறை என்றும் குறித்திருக்கிறார்கள். மணிச்சத்து நான்கு செடிகளின் மண்ணிலும் ‘அதிகம்’. அது என் கைப்பிடியின் புண்ணியம்.

இரண்டு ஞாயிறுகளில் இடிபாடு முழுவதையும் எடுத்து, இரண்டு அடி அகலத்துக்கு ஒன்றரை அடி ஆழம் பள்ளமாக்கி, செம்மண்ணையும் தொழு உரத்தையும் கலந்து நிரப்பினோம். கண்மாய்க் கரம்பை (வண்டல் மண்) போடலாமா என்று பெரியப்பா கேட்டார். அதிலும் சுண்ணாம்பு இருந்தால் மறுபடி முதலிலிருந்து என்று பயந்து விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து நான்கு செடிகளையும் ஒன்றரை அடிக்குக் கவாத்து செய்தேன். நிலக்கோட்டை அண்ணன் எச்சரித்ததுபோலவே அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கவாத்துக் குச்சிகளை மகள் எண்ணிக் கட்டுக் கட்டாகக் கட்டினாள். இருபது குச்சியைப் பதியன் போடுவதாகச் சொல்லி மகன் ஒரு தொட்டியில் நட்டு வைத்திருக்கிறான். பிழைக்குமா தெரியாது, தண்ணீர் மட்டும் நாள் தவறாமல் ஊற்றுகிறான்.

இப்போது தளிர் வரத் தொடங்கியிருக்கிறது. இரும்புச் சத்தை எப்படிக் கொடுப்பது என்று சொல்லுங்கள் ஐயா.

மண்வாசி | திங்கள், காலை 6.05

நல்ல வேலை. மணிச்சத்து மிகுதி என்பதால் இந்த ஆண்டு சூப்பர் பாஸ்பேட்டை அறவே விட்டுவிடுங்கள். நிலக்கோட்டைக்காரர் சொன்னது வயலுக்கான பொதுக் கணக்கு.

இரும்புக்கு, பெர்ரஸ் சல்பேட் என்று உரக்கடையில் கேளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்றால் புரிந்துகொள்வார்கள், ஆனால் உரக்கடைச் சரக்கே இதற்குப் போதும். லிட்டருக்கு 5 கிராம். தளிர் இலை விரிந்த பிறகு, மாலை வெயில் தாழ்ந்ததும், இலையின் இரு பக்கமும் நனையும்படி தெளியுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று மூன்று தடவை. போர் தண்ணீரில் கரைக்க வேண்டாம், பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதில் கரையுங்கள். ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பும் சேருங்கள். கரைசல் இளம்பச்சையாக இருக்கும்போதே தெளித்துவிட வேண்டும். வைத்திருந்தால் காற்றுப்பட்டுப் பழுப்பாகும். பழுப்பானதைத் தெளித்துப் பயனில்லை. மண்ணிலேயே இட்டால் இந்தச் சுண்ணாம்பு மறுபடி பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால்தான் இலைவழியாகக் கொடுக்கச் சொல்கிறேன்.

வில்லாபுரத்தான் | திங்கள், இரவு 8.20

நான் வடிகால் என்றது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: எங்கள் வீட்டு மல்லிகையில் மொட்டு இளஞ்சிவப்பாக மாறி, அடி வீங்கிக் காய்ந்து உதிர்கிறது. இதுவும் இரும்பா?

நிலக்கோட்டைக்காரர் | செவ்வாய், காலை 5.30

இல்லை, அது மொட்டு ஈ. முட்டையிலிருந்து வரும் சிறு புழு மொட்டுக்குள்ளேயே இருந்து தின்னும், பிறகு மண்ணில் விழுந்து கூடு கட்டும். நிறம் மாறிய மொட்டை உதிரும் முன்பே பறித்து அழித்துவிட்டு, தூரைச் சுற்றி அடிக்கடி கொத்திவிடுங்கள். மொட்டில் ஓட்டை இருந்தால் அது மொட்டுப்புழு, வேறு ஆள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வாரம் ஒரு முறை.

திருப்பாலையான் | மார்ச், மூன்றாம் ஞாயிறு, இரவு 7.45

மூன்று தெளிப்பும் முடிந்தன. இரண்டாம் தெளிப்புக்குப் பிறகு வந்த தளிரில் நரம்புக்கும் இலைக்கும் நிற வேறுபாடு தெரியவில்லை. துளசி மாடத்துச் செடிகளில் மாசிக் கடைசியிலேயே மொட்டு வந்துவிட்டது. மதில் ஓரத்து இரண்டும் இந்த வாரம்தான் தொடங்கியிருக்கின்றன. இன்று மாலை நான்கிலுமாகச் சேர்த்து முப்பத்தெட்டு மொட்டு. அக்கா கணக்குப்படி அரை முழம் கூடத் தேறாது. மகள் கட்டினாள், கண்ணிக்குக் கண்ணி ஒரு விரல் இடைவெளி விட்டுக் கட்டியதால் முக்கால் முழம் வந்துவிட்டது. அம்மா அதைச் சாமி படத்துக்கு வைக்காமல் தானே வைத்துக்கொண்டார். மகன் நட்ட இருபது குச்சியில் மூன்று துளிர்த்திருக்கின்றன.

ஒரே ஒரு சிக்கல். மூன்றாம் தெளிப்பன்று மிஞ்சிய கரைசலைப் பின்வாசல் திண்ணையில் வைத்துவிட்டு மறந்துபோனேன். பூனை தட்டிவிட்டதோ, நானே இடறினேனோ, காலையில் பார்த்தால் மொசைக் தரையில் இரண்டு இடத்தில் செங்காவி நிறத்தில் கறை. மனைவி அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. எலுமிச்சம்பழமும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தால் போகுமா?

மண்வாசி | அதே நாள், இரவு 8.30

அது துரு. டைல்ஸ் தரை என்றால் எலுமிச்சையே போதும். மொசைக்கில் வேண்டாம், அதிலுள்ள சலவைக்கல் சில்லும் சுண்ணாம்புதான், உங்கள் மகன் தட்டில் பார்த்த நுரை தரையில் வரும், மெருகு போய்விடும். மெருகு போடுகிறவரைக் கூப்பிட்டுத் தேய்க்கச் சொல்வதுதான் வழி.

திருப்பாலையான் | அதே நாள், இரவு 10.10

தாமதமாகப் படித்தேன் ஐயா. ஒரு கறையின் மேல் ஏற்கெனவே அரைப்பழம் பிழிந்தாகிவிட்டது, நுரைத்தது. இப்போது அந்த இடத்தில் மகனுடைய பதியன் தொட்டி நிற்கிறது. இன்னொரு கறைக்கு எட்டு முழம் ஐயாவுக்குச் சொன்ன அளவில் ஒரு தொட்டி தேவைப்படுகிறது. அவர் வாங்கியிருந்தால் எங்கே என்று சொன்னால் நல்லது.